மறைத்து வைத்த காலம்

"மேடம், நீங்க பண்ணினா கோலம் போட்ட மாதிரி நீட்டா இருக்கும்."

கல்லூரியில் எந்த அறிக்கை தயாரானாலும் கடைசியில் இந்த வாக்கியத்தோடுதான் அது என் மேசைக்கு வரும். எண்களைத் திரட்டியவர் ஒருவர், கூட்டிப் பார்த்தவர் இன்னொருவர், கூட்டத்தில் எழுந்து வாசிக்கப் போகிறவர் வேறொருவர். நடுவில் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, எண்களை வலப்பக்கமாக ஒதுக்கி, கோடு போட்டு, வண்ணம் கொடுத்து, ஒரே பக்கத்தில் அச்சாகும்படி செய்து தருவது நானும் இன்னொரு தோழியும். நான் சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்தவள். அவர் தாவரவியல். எங்கள் இருவருக்கும் எக்செல் யாரும் சொல்லித் தந்ததில்லை. பெண்கள் என்பதால் கை நேர்த்தி இருக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

விரிதாளின் நெடுவரிசையை ஆசிரியர் அறையில் நாங்கள் 'காலம்' என்றுதான் சொல்வோம். "அந்தக் காலத்தைக் கொஞ்சம் அகலமாக்குங்க." "இந்தக் காலம் வேண்டாம், மறைச்சிடுங்க." எத்தனை ஆண்டுகள் கேட்டாலும் அந்தச் சொல் என் காதில் இரண்டு பொருளில்தான் விழுகிறது.

அம்மா தெருவில் சீட்டுப் பிடித்தார். இருபது பெண்கள். நீள நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சீட்டை எடுத்தவர்கள் பெயரைச் சிவப்பிலும் எடுக்காதவர்கள் பெயரை நீலத்திலும் எழுதியிருப்பார். யாராவது வாசலில் வந்து நின்றால் நோட்டைப் புரட்டிய நொடியில், அவருக்குத் தர வேண்டியதா, அவரிடம் வாங்க வேண்டியதா என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இதை இன்று 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' என்கிறார்கள். எக்செலில் அது 1997ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. அம்மாவின் நோட்டு அதற்கு மூத்தது.

இந்த வேலையை அழகுபடுத்துதல் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். அப்படியில்லை என்று எனக்குக் காட்டியது எங்கள் கல்லூரியின் ஒரு பட்டியல். அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம், தப்பாக.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பாடநூலில் கைவிளக்கேந்திய காரிகை. இரவில் நோயாளிகளிடையே நடக்கும் அன்பின் உருவம். அந்தப் படத்தில் அவர் கையில் கணக்கேடு இருக்காது. கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 செவிலியரோடு துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே சாவைப் பதிவதற்கு மூன்று தனித்தனி ஏடுகள் இருந்தன. மூன்றிலும் மூன்று எண்ணிக்கை. யார் எந்த நோயில் இறந்தார் என்பதற்கு ஒரே பெயர்கூடக் கிடையாது. செத்தவர்களின் தொகையையே ஒழுங்காக எழுதத் தெரியாத ஒரு பேரரசு அது.

1856இல் ஊர் திரும்பியதும் அவர் உட்கார்ந்தது அந்த ஏடுகளோடுதான். துணைக்கு வில்லியம் ஃபார், பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் புள்ளியியலாளர். புள்ளிவிவரம் எவ்வளவு வறட்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது ஃபாரின் கட்சி. நைட்டிங்கேல் அந்தக் கட்சியில் சேரவில்லை.

அவர் வகுத்த அட்டவணையில் 1855 ஜனவரி என்ற ஒரு வரிசையை மட்டும் பார்ப்போம். கிழக்கில் இருந்த படையின் பலம் 32,393. அந்த ஒரு மாதத்தில், தடுத்திருக்கக்கூடிய தொற்று நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். போர்க் காயத்தால் 83 பேர். மற்றக் காரணங்களால் 324 பேர். ஏடுகளில் இவை தேதிவாரியாகச் சிதறிக் கிடந்தவை. நாள் வாரியாக எழுதினால் ஒவ்வொரு சாவும் ஒரு சம்பவம். காரணத்தைத் தலைப்பாக்கி, மூன்று காலங்களாகப் பிரித்து, மாதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதும்தான் 2,761க்குப் பக்கத்தில் 83 வந்து நிற்கிறது. ரஷ்யர்களின் குண்டு 83 பேரைக் கொன்ற மாதத்தில் சாக்கடையும் கூட்ட நெரிசலும் கெட்ட காற்றும் எத்தனை பேரைக் கொன்றன என்பதைப் பார்க்க அதன்பின் கணிதம் தேவையில்லை. கண் போதும்.

அவர் இன்னொன்றும் செய்தார். படையின் பலம் மாதத்துக்கு மாதம் மாறும். எனவே வெறும் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இதே வேகம் ஓராண்டுக்கு நீடித்தால் ஆயிரத்துக்கு எத்தனை பேர் என்று மாற்றி எழுதினார். ஜனவரி 1855இன் நோய்ச் சாவு அந்தக் கணக்கில் ஆயிரத்துக்கு 1,022. ஆயிரம் பேரில் ஆயிரத்து இருபத்திரண்டு பேர். புதிய ஆட்களை ஊரிலிருந்து அனுப்பிக்கொண்டே இருக்காவிட்டால், நோய் மட்டுமே ஓராண்டுக்குள் முழுப் படையையும் தின்று முடித்திருக்கும். எண் மாறவில்லை, அலகு மாறியது. ஒரு காலத்தை என்ன அலகில் எழுதுவது என்பது அழகு பற்றிய முடிவு அல்ல.

பிறகுதான் படம். 1858இல் வெளியான அந்த வரைபடம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு ஆப்புகளாகப் பிரித்து, நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரை ஒரு வட்டம். அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு இன்னொன்று. முதல் வட்டத்தில் நீலம் இதழ் விரித்து வெளியே பாய்கிறது. 1855 மார்ச்சில் சுகாதார ஆணையம் ஸ்கூட்டாரிக்கு வந்து சாக்கடைகளைச் சுத்தம் செய்து காற்றோட்டத்துக்கு வழி செய்தது. இரண்டாம் வட்டத்தில் நீலம் சுருங்கிக்கொண்டே போகிறது. முன்பு வரைந்த ஒரு வடிவத்தில் அவர் எண்ணை மையத்திலிருந்து நீளமாகக் காட்டியிருந்தார். நீளம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகித் தோன்றும், உண்மையைவிடப் பெரிதாக. அதை விட்டுவிட்டு, எண்ணைப் பரப்பால் காட்டும்படி மாற்றினார். தன் வாதத்துக்குச் சாதகமான மிகையைத் தானே கைவிட்டார். எங்கள் கல்லூரி விளம்பரப் பலகைகளில் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் போடும் பட்டை வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அச்சு பூஜ்யத்தில் தொடங்காது, தொண்ணூறில் தொடங்கும்.

ஹியூ ஸ்மால் 1998இல் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூல் ஒரு கடினமான வாதத்தை முன்வைக்கிறது. ஸ்கூட்டாரியில் இருந்தவரை, வீரர்கள் களைத்தும் பட்டினியாகவும் வந்து சேர்வதால்தான் சாகிறார்கள் என்று நைட்டிங்கேல் நம்பினார். ஊர் திரும்பி எண்களை அடுக்கிய பிறகே, தான் நிர்வகித்த மருத்துவமனையின் கட்டடமே அவர்களைக் கொன்றது என்று கண்டார் என்கிறது அந்நூல். மற்ற மருத்துவமனைகளைவிட ஸ்கூட்டாரியில் சாவு அதிகம். அந்த அட்டவணை முதலில் கைகாட்டியது அதை வரைந்தவரைத்தான் என்று பொருள். ஸ்மால் சொல்வதை எல்லோரும் ஏற்பதில்லை. ஆனால் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் எங்கள் கல்லூரிப் பட்டியல்.

நைட்டிங்கேலைப் பெண்ணியத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் உறுப்பினராக ஏற்ற முதல் பெண் அவர். ஆனாலும் பெண்களின் வாக்குரிமை இயக்கத்தில் சேரும்படி ஜான் ஸ்டூவர்ட் மில் கேட்டபோது முதலில் தயங்கி ஒதுங்கியவர். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல், இங்குள்ள ராணுவ முகாம்களுக்கெல்லாம் வினாப் படிவங்கள் அனுப்பித் தகவல் திரட்டினார். 1863இல் வந்த ஆணைய அறிக்கை இங்கிருந்த பிரிட்டிஷ் வீரர்களின் சாவு ஆயிரத்துக்கு 69 என்று காட்டியது. அந்தப் படிவங்கள் முதலில் எண்ண வந்தது வெள்ளைச் சிப்பாய்களை. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மக்கள் மடிந்தபோதுதான் இந்திய விவசாயியைப் பற்றி அவர் சினத்தோடு எழுதினார். படிவத்தில் யாருக்கு இடம் விடுகிறோமோ அவருடைய சாவுதான் எண்ணாகிறது.

இடம் விடுவது என்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1881 கணக்கெடுப்பு, வீட்டுவேலை செய்யும் மனைவியரைத் 'தொழிலற்றோர்' வகுப்பில் தள்ளியது. முந்தைய கணக்கெடுப்புகளில் மனைவி, தாய் என்பதற்குத் தனி இடம் இருந்தது. பெண்கள் செய்த வேலையில் ஒன்றும் குறையவில்லை. தலைப்பு மாறியது, ஒரு தேசத்தின் பாதிப்பேர் சும்மா இருப்பவர்கள் ஆனார்கள்.

நம் கணக்கெடுப்பு அட்டவணைகளைத் திறந்தால் காலங்களின் வரிசை எப்போதும் ஒன்றுதான்: நபர்கள், ஆண்கள், பெண்கள். இந்த வரிசையிலேயே எண்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை தடித்த தொகுதிகளாக வந்தன. ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற விகிதம் 1901இல் 972. 1921இல் 955. 1941இல் 945. 1961இல் 941. 1971இல் 930. ஒவ்வொரு எண்ணும் அச்சிலேயே இருந்தது. மக்கள்தொகை அறிஞர்கள் சிலர் இதைப் பற்றி எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பத்தாண்டும் தனித் தொகுதி, தனி அலமாரி. பெண்களின் நிலையை ஆராய 1971இல் அரசு அமைத்த குழு (புல்ரேணு குஹா தலைவர், வீணா மஜும்தார் உறுப்பினர்-செயலர்) 1974 இறுதியில் 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கையைத் தந்தது. எழுபது ஆண்டுகளின் எண்களை ஒரே அட்டவணையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, அந்தச் சரிவை அரசியல் கேள்வியாக்கியது அந்த அறிக்கை. இந்தியாவில் பெண்கள் ஆய்வு என்ற துறையே அங்கிருந்து கிளம்பியது என்பார்கள். புதிதாக ஒரு தலைகூட எண்ணப்படவில்லை. அடுக்கியதுதான்.

மொத்தம் என்ற காலம் எதையெல்லாம் மூடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2001 கணக்கெடுப்பில் மாநிலத்தின் பாலின விகிதம் 987. நாட்டின் 933க்குப் பக்கத்தில் வைத்துப் பெருமைப்படலாம். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைத் தனிக் காலமாகப் பிரித்தால் 942. அதையும் மாவட்ட வாரியாகப் பிரித்தால் சேலத்தில் 850 அளவில் நிற்கும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் அந்த மாவட்டத்தில் தொடங்கப்பட்டது காரணமில்லாமல் அல்ல. மாநில மொத்தத்தை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தால், பிறந்த பிள்ளைக்குக் கள்ளிப்பால் ஊற்றிய வீடுகள் எல்லாம் அந்த 987க்குள் அமைதியாக அடங்கியிருக்கும்.

சில நேரம் ஓர் அடைப்புக்குறி போதும். வயலிலும் குடும்பத் தொழிலிலும் கூலியின்றி உழைக்கும் பெண்கள் கணக்கெடுப்பில் விடுபடுகிறார்கள் என்று பெண்கள் அமைப்புகள் போராடிய பிறகு, 1991 படிவத்தில் 'வேலை செய்தீர்களா' என்ற கேள்விக்குப் பக்கத்தில், பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ செய்யும் ஊதியமில்லா வேலை உட்பட, என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தார்கள். சமையலும் பிள்ளை வளர்ப்பும் அந்தக் குறிக்கு வெளியேதான் நின்றன.

அட்டவணையில் இடம் கிடைக்காத பெண்கள்தான் அட்டவணைகளை உருவாக்கிக் கொடுத்தார்கள் என்பது இந்த வரலாற்றின் வேடிக்கை. பிளஸ் டூ முடித்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போன தலைமுறை நான். லோயர், ஹையர் தேர்வுகளின் இரண்டாம் தாளில் கடிதத்தோடு 'ஸ்டேட்மென்ட்' என்று ஒன்று வரும். எண்களும் தலைப்புகளுமாக ஓர் அட்டவணையைக் கொடுப்பார்கள். ஒவ்வொரு காலத்திலும் நீளமான சொல்லின் எழுத்துகளை எண்ணி, தாளின் அகலத்திலிருந்து கழித்து, மிச்சத்தை இடைவெளிகளுக்குப் பங்கிட்டு, டேப் நிறுத்தங்களை வைத்த பிறகுதான் விசையில் கை வைக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் தாள் முழுவதும் வீண். எங்கள் பேட்ச்சில் பெரும்பாலும் பெண்கள். ஊரில் உள்ள எல்லா அலுவலகங்களுக்கும் அட்டவணை அடித்துக் கொடுக்கப் போகிறவர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களை ஒருவரும் கேட்கப் போவதில்லை.

மேரி எலினார் ஸ்பியர் அமெரிக்க அரசு அலுவலகங்களில் வரைபடங்கள் தயாரித்தவர். எண்களை எப்படிப் படிக்கும்படி வைப்பது என்று 1952இல் ஒரு நூலே எழுதினார். அதில் அவர் காட்டிய ஒரு பட்டை வடிவம், பின்னாளில் ஜான் டியூக்கி மேம்படுத்திப் பிரபலமாக்கிய 'பாக்ஸ் ப்ளாட்'டின் முன்னோடி. புள்ளியியல் பாடத்தில் டியூக்கியின் பெயர் உண்டு. 1979இல் டேன் ப்ரிக்லினும் பாப் ஃப்ராங்ஸ்டனும் 'விசிகால்க்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். அதுவரை கையால் கோடு போட்ட கணக்குத்தாள் அதோடு திரைக்கு வந்தது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறும் மாயம் அது. அதன்பின் எழுத்தெண்ணி இடைவெளி கணக்கிடும் வேலை போயிற்று. யார் காலத்தை முதலில் வைப்பது, எதை மறைப்பது என்ற வேலை போகவில்லை. சில நேரம் மென்பொருளே அதைச் செய்துவிடுகிறது: மனித மரபணு ஒன்றின் சுருக்கப் பெயரை எக்செல் செப்டம்பர் ஒன்று என்று தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் அறிவியலாளர்கள் அந்த மரபணுவின் பெயரையே மாற்றிவிட்டார்கள். மனிதர்கள் அவ்வளவு எளிதாகப் பெயர் மாற்றிக்கொள்ள முடியாது.

இனி அந்தப் பட்டியல்.

எங்கள் கல்லூரியில் பாதியில் நின்றுபோன மாணவர்களின் விவரம் ஐந்தாண்டுகளுக்குக் கேட்கப்பட்டது. ஒவ்வொரு துறையும் ஒரு தாள் அனுப்பியது. பதிவெண் வரிசையில் பெயர்கள். கடைசிக் காலம் 'காரணம்'. வழக்கம்போல், ஒன்றாக்கி நீட்டாகச் செய்து தரச் சொன்னார்கள். தலைப்பு வரிசையை 'ஃப்ரீஸ்' செய்தேன். காரணங்களைப் பார்த்தேன்: சொந்தக் காரணம், பெர்சனல், குடும்பச் சூழ்நிலை, பெர்சனல் ரீசன். ஒரே பொருளை நான்கு விதமாக எழுதியிருந்தார்கள். ஒரே சொல்லாக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். ஆண், பெண் என்று ஒரு காலமும், நின்ற மாதம் என்று இன்னொரு காலமும் சேர்த்து, மாதத்தை வைத்து வரிசைப்படுத்தினேன்.

பதிவெண் வரிசையில் அவர்கள் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். மாத வரிசையில் ஓரிடத்தில் வந்து நின்றார்கள். மூன்றாம் பருவத் தேர்வு முடிந்து, தை பிறந்து, முகூர்த்த நாட்கள் தொடங்கும் இடம். சொந்தக் காரணம் என்று இருந்த கட்டங்களுக்கு மஞ்சள் கொடுத்தேன். அந்த இடம் முழுவதும் மஞ்சள். மஞ்சள் கட்டத்துக்கு இடப்பக்கம் இருந்த பெயர்கள் பெரும்பாலும் பெண்கள். பையன்கள் நின்ற இடத்தில் 'வேலை' என்று தெளிவாக எழுதியிருந்தது.

எங்கள் துறைத் தாளில் இருந்த 'சொந்தக் காரணம்' என் கையெழுத்து. மூன்றாண்டுகள் நான் வகுப்பாசிரியர். மாற்றுச் சான்றிதழ் வாங்க அப்பாவோடோ அண்ணனோடோ வந்து நின்ற பெண்களின் படிவத்தில் அந்த இரண்டு சொற்களை எழுதியவள் நான். அவர்களில் ஒருத்தி நன்றாகக் கவிதை எழுதுவாள். என்னம்மா, என்று கேட்டேன். வீட்டுல முடிவு பண்ணிட்டாங்க மேம், என்றாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, அவளுக்கு அவமானமாக இருக்கக் கூடாது என்று, நாகரிகமான சொல்லாகப் பார்த்து எழுதினேன்.

தாளை அப்படியே, மஞ்சளோடு அனுப்பினேன். மூன்றாம் நாள் இறுதி வடிவம் என்று திரும்பி வந்தது. நிறம் எடுக்கப்பட்டிருந்தது. மாதம் என்ற காலம் இல்லை. "அது எதுக்கு மேடம், கேட்கலையே" என்றார் பொறுப்பாளர், கோபமெல்லாம் இல்லாமல். மேலே எழுத்துகளைப் பார்த்தேன். ஏ, பி, சி, டி, அடுத்து எஃப். அழிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். டியையும் எஃப்பையும் சேர்த்துத் தேர்ந்து, வலச் சொடுக்கில் 'அன்ஹைட்' கொடுத்து மறுபடி அனுப்பினேன். அச்சுப் பிரதியில் எந்த வடிவம் போனதோ.

இந்த ஆண்டு தை மாதம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அம்மாவோடு மாற்றுச் சான்றிதழுக்கு வந்தாள். படிவத்தில் காரணம் என்ற இடம் வந்ததும் நான் எழுதாமல் பேனாவை அவளிடம் கொடுத்து, நீயே எழுதும்மா, என்றேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து எழுதினாள். இரண்டு வரிக்கு மேல் போய், படிவத்தின் ஓரத்திலும் எழுதினாள். அன்று மாலை அதைத் துறைத் தாளில் ஏற்றும்போது கட்டத்துக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. 'ரேப் டெக்ஸ்ட்' கொடுத்து, வரிசையின் உயரத்தைக் கூட்டினேன்.